மலைநாட்டுப் பாட்டனாரும் பட்டாளமும்

1891ஆம் வருஷம் லண்டன் மாநகரில் ஒரு சுயசரிதம் பிரசுரமாயிற்று. 'இலங்கையில் ஐம்பது ஆண்டுகள்' என்று பொருள்படும் தலைப்பைக் கொண்ட அந்நூலை எழுதியவர் மேஜர் தாமஸ் ஸ்கின்னர். பதிப்பித்தவர் அவருடைய குமாரத்தி ஆனி ஸ்கின்னர். ஆசிரியர் காலஞ்சென்று அப்பொழுது பதினான்கு வருஷங்கள் கழிந்திருந்தன. 1804இல் பிறந்து, பதினைந்து வயதுப் பாலகனாய்ப் பட்டாள உத்தியோகத்தில் அமர்ந்து, கவர்னர் எட்வர்ட் பார்ன்ஸ் இட்ட கட்டளையைத் தலைமேற்கொண்டு கொழும்பு–கண்டி வீதியின் ஒரு பகுதியை வெட்டத் தொடங்கி, 1867இல் ஓய்வுபெறும் வரை இத்தீவில் ஏறத்தாழ 3,000 மைல் நீளத்துக்குப் பாதைகள் உருவானதைக் கண்ணாரக் கண்ட ஒரு போர்வீரரின் வாழ்க்கை, தந்தையிடத்துப் பேரன்பு பூண்ட ஒரு பெண்மகளின் சிரத்தையினால் உலகுக்குக் கிடைத்தது. அவ்வன்பை நான் பெரிதும் மதிக்கிறேன். மலைநாட்டின் சரித்திரத்தை எழுதப் புகுபவர் எவரும் அந்த நூலைத் தவிர்த்துச் செல்ல முடியாது.

ஆனால் அந்த நூலை மூடி வைத்துவிட்டு றம்பொடைக் கணவாயின் வளைவுகளில் ஏறி நுவரெலியாவுக்கு வருகிற தமிழ் வாசகனுக்கு ஒரு கேள்வி எழாமல் இராது. 1832இல் இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியம் ஒழிக்கப்பட்ட பின்னர், இந்தப் பாதைகளில் பாறை உடைத்தவர்களும் மண் சுமந்தவர்களும் பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்து திரட்டப்பட்ட தமிழர்கள். 'பயனியர்ப் படை' என்ற பெயரில் அவர்கள் அணி வகுக்கப்பட்டார்கள். பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டு, அதிகாரிகளின் கீழ், இராணுவ ஒழுங்குக்கு உட்பட்டு வாழ்ந்தார்கள். வரிசையில் நின்று பெயர் கொடுத்து, ஏவிய இடத்துக்குப் பெயர்ந்து, காட்டிலே குடிசை போட்டு, காய்ச்சலில் விழுந்து, அவ்விடத்திலேயே புதைக்கப்பட்டவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். துப்பாக்கிக்குப் பதில் கடப்பாரை ஏந்தியவர்கள் என்பதைத் தவிர, சிப்பாயின் வாழ்வுக்கும் அவர்கள் வாழ்வுக்கும் பெரிய பேதம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மலைநாட்டுத் தமிழனின் முதல் பட்டாளத்துப் பாட்டன் இவனே என்பது என் துணிபு. இவனுக்கும் குமாரத்தி இருந்திருப்பாள். தந்தை சொன்ன கதையை அவள் தன் பிள்ளைக்குச் சொல்லியிருப்பாள். அதை அச்சேற்றுவதற்கு எழுத்தும் இல்லை, அச்சகமும் இல்லை, கேட்பாரும் இல்லை.

நுவரெலியா என்னும் ஊரே பட்டாளத்தின் பொருட்டு எழுந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டனர். 1820களின் இறுதியில், சமவெளியின் வெப்பத்திலும் காய்ச்சலிலும் நொந்த பிரித்தானியச் சிப்பாய்கள் தேறுவதற்கென்று ஓர் ஆரோக்கிய நிலையமாகவே இது பார்ன்ஸ் கவர்னர் காலத்தில் தோற்றுவிக்கப்பட்டது. கோல்ஃப் மைதானமும், குதிரைப் பந்தயமும், ஏப்ரல் வசந்த விழாவும் பின்னால் வந்து சேர்ந்தவை. சிப்பாய் குளிர்ச்சி நாடி வந்த இடத்தில் கோப்பி வந்தது. கோப்பி நோயுற்று மாண்டபின் தேயிலை வந்தது. 1885இல் ரயில் நானுஓயாவை எட்டியது. அந்த ரயிலில் இறங்கிக் கால்நடையாய்த் தோட்டங்களுக்குப் பிரிந்து சென்றவர்களின் பேரர்களும் பூட்டர்களுமே இன்று லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் வாழ்கிறவர்கள்.

மலைநாட்டில் பட்டாளம் என்று எழுத்தில் பதிவாகியிருப்பது பெரும்பாலும் துரைமாரின் பட்டாளம். 1900இல், தென்னாபிரிக்காவில் போயர் யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, 'இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை' அமைக்கப்பட்டது. கண்டியைத் தலைமையிடமாகக் கொண்ட இத்தொண்டர் படையில் ஐரோப்பியருக்கு மாத்திரமே இடம். முதலாம் உலக யுத்தம் மூண்டதும் எட்டு அதிகாரிகளும் 229 வீரர்களும் மேஜர் ஹால் பிரவுனின் தலைமையில் எகிப்துக்குக் கப்பலேறினார்கள். சுயெஸ் கால்வாயைக் காத்து, பின்பு அவுஸ்திரேலிய–நியூஸிலாந்துப் படையுடன் இணைக்கப்பட்டு, கல்லிப்போலிக் கடற்கரையில் ஜெனரல் பேர்ட்வுட்டுக்குக் காவலராயும் நின்றார்கள். யுத்தம் முடிந்தபோது அப்படை 80 பேரைப் பலிகொடுத்திருந்தது. 99 பேர் காயமுற்றிருந்தார்கள். நேற்றுவரை கொழுந்து நிறுவையை மேற்பார்த்த சின்னத்துரைமார் அவர்கள். அவர்களுக்காகவும் ஸ்கொத்லாந்துக் கிராமங்களில் தாய்மார் அழுதார்கள். அந்தத் துயரத்தைச் சிறுமைப்படுத்துவது என் நோக்கமன்று. தேவாலயச் சுவர்களிலே பதித்த பித்தளைப் பலகைகளும், கல்லறைகளின் எழுத்துகளும் அவர்கள் பெயரை இன்றும் ஏந்தி நிற்கின்றன. அவர்களுடைய பேரன் ஒருவன் இங்கிலாந்திலிருந்து வந்தால், பாட்டனின் பெயரை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போகலாம். பாட்டனை நேசிக்கிற பேரனுக்கு அது எத்தனை பெரிய ஆறுதல்!

யுத்தத்திலிருந்து திரும்பியவர்களுள் ஞாபகத்துக்கு உரியவர் யார், உதவிக்கு உரியவர் யார் என்ற வினா இத்தீவில் வெளிப்படையாகவே ஒருமுறை எழுந்தது. வருஷந்தோறும் நவம்பர் 11ஆம் தேதி பொப்பி மலர் விற்றுச் சேர்ந்த பணத்தில் பெரும்பங்கு பிரித்தானியாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. இலங்கையரான பழைய படைவீரர்கள் வறுமையில் வாடுவதைக் கண்ட ஏலியன் பெரேரா என்பவர் 1931இல் அதே நாளில் சூரியமலரை விற்கும் இயக்கத்தைத் தொடங்கினார். சூரியமலர் என்பது நம் பூவரசம் பூ. பிறகு இளைஞர் சங்கத்தினர் அவ்வியக்கத்தை ஏற்று நடத்தினர். டொரீன் யங் என்ற ஆங்கிலப் பெண்மணி அதற்குத் தலைமை வகித்தார். 1934–35இல் மலேரியா கொள்ளைநோயாய்ப் பரவியபோது அத்தொண்டர்கள் கிராமங்களுக்கு மருந்தும் உணவும் கொண்டு சென்றனர். இலங்கையின் இடதுசாரி அரசியலுக்கு வித்திட்ட இயக்கம் என்றே சரித்திர நூல்கள் இதைப் போற்றுகின்றன. கைவிடப்பட்ட பழைய சிப்பாய்களின் நிமித்தம் அது பிறந்தது என்னும் ஆரம்பத்தை நாம் கூடுதலாக நினைக்கவேண்டும் என்று விரும்புகிறேன்.

இரண்டாம் உலக யுத்தம் மலைநாட்டை வேறு விதமாகத் தொட்டது. 1940 ஜூலை முதல் பிரித்தானியாவில் ஆளுக்கு வாரம் இரண்டு அவுன்ஸ் தேயிலை என்று பங்கீடு வந்தது. அந்த அரசாங்கமே மொத்தமாகத் தேயிலையைக் கொள்முதல் செய்தது. குண்டு விழுந்த லண்டன் தெருவிலும், பாலைவனத்துப் பாசறையிலும் குடித்த தேநீரில் நம் பெண்களின் விரல் பறித்த கொழுந்து இருந்தது. ஆகையால் தோட்டத் தொழிலாளி வேலைக்காட்டிலேயே நிற்கவேண்டியவன் ஆனான். பட்டாளத்துக்குப் போன தோட்டத் தமிழர் பெருந்தொகையினர் அல்லர். அதே யுத்தத்தின் முதற் குளிர்காலத்தில், 1940 ஜனவரியில், ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளருள் கோவிந்தன் என்பவர் பொலிஸாரின் துப்பாக்கிக்கு இரையானார். மலைநாட்டுத் தமிழர் நாவில் இன்றும் வழங்கும் தியாகியின் பெயர் அதுவே. சீருடை அணியாமல் மாண்ட அவரை மறவாதிருப்பது நம் மக்களுடைய நியாய உணர்ச்சிக்குச் சான்று.

எனினும் ஒருவரும் இருவருமாய்ப் பட்டாளத்துக்குப் போனவர்கள் உண்டு. திரும்பி வந்து லயத்துக் காம்பராவில் முதுமை எய்திய அவர்களைப் பற்றி அவர்களுடைய பேரர்கள் சொல்லக் கேட்டால், சொல்வதெல்லாம் ஒரே தோரணையில் இருக்கும். காலையில் வேலைக்கு ஆள் திரட்டும் பெரட்டுக்குக் கொம்பு ஊதுமுன்பே தாத்தா எழுந்துவிடுவார். கம்பளியை நான்கு மூலையும் சரிபார்த்து மடிப்பார். சட்டையைக் கழுத்துவரை பொத்தானிட்டுக்கொள்வார். பேரப்பிள்ளைகளை உயர வரிசையில் நிறுத்திவைத்துப் பள்ளிக்கு அனுப்புவார். எங்கே போனீர்கள், எவரோடு சண்டையிட்டீர்கள் என்று கேட்டால் மாத்திரம், "அதெல்லாம் இப்ப எதுக்குய்யா" என்று வாயை மூடிக்கொள்வார். கேட்ட பிள்ளை வளர்ந்து வேலைக்குப் போய்விடும். கேள்வி அங்கேயே நின்றுவிடும். அவர் இறந்தபின், தீபாவளிக்கு முந்தின இரவில் படையல் போடும்போது, இலையில் சோறும் கறியும் வைத்து, அவர் விரும்பிய சுருட்டையும் புதுவேட்டியையும் வைத்து, சாம்பிராணி காட்டி, "தாத்தா வந்து சாப்புடுவாரு" என்று கதவைச் சற்றுநேரம் சாத்தி வைப்பார்கள். அவருடைய மனம் எதை விரும்பியது என்பது குடும்பத்துக்குத் துல்லியமாய்த் தெரியும். எந்தப் படைப்பிரிவில் இருந்தார் என்பது தெரியாது.

இந்த அறியாமைக்குக் குடும்பத்தைக் குறை கூறலாகாது. தாத்தாவின் தகரப்பெட்டியில் ஒரு பதக்கம் இருந்தாலும் அது வாய்திறந்து பேசுவதில்லை. முதலாம் யுத்தத்தின் பதக்கங்களில் விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் வீரனுடைய இலக்கம், பதவி, பெயர், படை ஆகியவை பொறித்திருக்கும். அந்த நுண்ணிய எழுத்துகளைக்கொண்டு ஒரு வாழ்க்கையையே தேடிக் கண்டுபிடித்துவிடலாம். அந்தப் பதக்கத்திலும் தரபேதம் இருந்தது: போரிட்ட சிப்பாய்க்கு வெள்ளி, சீனர், மால்ட்டாத் தீவினர் முதலான தொழிற்படையினருக்கு வெண்கலம். இரண்டாம் யுத்தத்தில் வழங்கிய 1939–45 நட்சத்திரமோ, ஆறு முனைகளோடு, மஞ்சள் நிறக் கலப்புலோகத்தில் வார்த்தது. கடற்படைக்குக் கருநீலம், தரைப்படைக்குச் சிவப்பு, வான்படைக்கு வெளிர்நீலம் என்று மூன்று பட்டைகள் சம அகலத்தில் ஓடும் நாடா அதற்கு உண்டு. இந்தியப் படையினருக்குக் கொடுத்தவற்றில் பெயர் பொறித்தார்கள். பிரித்தானியப் படைப்பிரிவுகளில் சேவித்தவர்களுக்குப் பெயரில்லாமலே கொடுத்தார்கள். பெயரில்லாத நட்சத்திரம் ஒன்று பேரனின் உள்ளங்கையில் கிடந்தால், போர் எது என்று அது சொல்லும். தாத்தா யார் என்று சொல்லாது.

இங்கே கடல் கடந்து மலாயாவைச் சற்று நோக்கவேண்டும். திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம், ஆர்க்காடு ஜில்லாக்களிலிருந்து தேயிலைக்கு வந்தவர்களின் பங்காளிகளும் மைத்துனர்களுமே அங்கே இறப்பர்க் காட்டுக்குப் போனவர்கள். 1943இல் சுபாஷ் சந்திர போஸ் ஜப்பானியர் வசமிருந்த சிங்கப்பூருக்கு வந்து, அக்டோபர் 21ஆம் தேதி சுதந்திர இந்தியத் தற்காலிக அரசாங்கத்தைப் பிரகடனம் செய்தபோது, பால்வெட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அந்தத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார்கள். கேப்டன் லட்சுமியின் தலைமையில் அமைந்த ஜான்சி ராணிப் படைக்கு அவர்கள் வீட்டுப் பெண்கள் போனார்கள். ஈப்போவில் இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ராசம்மா பூபாலன் அவ்வாறு சென்றவர்களுள் ஒருவர். 1945 ஜூலையில், போரில் மாண்ட வீரருக்கென்று சிங்கப்பூர்க் கடற்கரையில் போஸ் ஓர் ஞாபகச் சின்னத்துக்கு அடிக்கல் நாட்டினார்; செப்டம்பரில் திரும்பி வந்த பிரித்தானியர் அதை வெடிவைத்துத் தகர்த்தனர். தகர்க்க ஆணையிட்ட படைத்தலைவர் மவுண்ட்பேட்டனின் தலைமையகம் 1944 ஏப்ரல் முதல் நம் பேராதனைப் பூந்தோட்டத்திலே இருந்தது என்பது மலைநாட்டார் அறியவேண்டிய செய்தி. கல்லைத் தகர்த்தார்கள்; ஆயினும் மலாயாத் தாத்தாக்களின் கதை அழியவில்லை. அவர்கள் உயிரோடிருக்கும்போதே ஆய்வாளர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு சென்று கேட்டார்கள். பேட்டிகள் ஆவணக் காப்பகங்களில் சேர்ந்தன. 1995இல் அதே கடற்கரையில் சிங்கப்பூர் அரசாங்கம் ஒரு ஞாபகப் பலகையும் நட்டது.

மலைநாட்டில் அவ்வாறு நிகழாமற் போனதற்குக் காரணம் பலவாயினும், தலையானது சட்டம். 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஸ்தானங்களை வென்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமானும், தலவாக்கலையில் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளையும் பாராளுமன்றம் சென்றனர். மறுவருஷமே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. வம்சாவளியால் பிரஜையாக வேண்டுமானால், இலங்கையில் பிறந்தவனாய் இருப்பது போதாது. தகப்பன் இலங்கையில் பிறந்திருக்கவேண்டும், அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்கவேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. பாட்டன் எங்கே பிறந்தான் என்று அரசாங்கமே கேட்டது! பிறப்பைப் பதிவுசெய்யும் வழக்கமே தோட்டங்களில் சரிவர வேரூன்றாத காலத்தில் பிறந்த பாட்டனுக்குப் பத்திரம் எங்கிருந்து வரும்? 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியப் பிரஜாவுரிமைச் சட்டத்தின்கீழ் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக மனுக்கள் போயின; முடிவில் உரிமை பெற்றவர் ஏறக்குறைய ஒரு லட்சத்து முப்பத்துநாலாயிரம் பேர். துரைமாரின் துப்பாக்கிப் படை கலைக்கப்பட்டதும் அதே 1949இல்தான். பழைய ஆட்சியின் பட்டாளம் மரியாதையோடு விடைபெற்ற வருஷத்தில், அந்த ஆட்சிக்குப் பாதை வெட்டியவனின் பேரன் வாக்காளர் இடாப்பிலிருந்து நீங்கினான்.

இதன் விளைவாக மலைநாட்டுக் குடும்பங்களில் கடுதாசி என்ற பொருளே வேறு தன்மை அடைந்துவிட்டது என்று நான் கருதுகிறேன். பெட்டியில் பாதுகாத்தவை எல்லாம் அதிகாரியிடம் காட்டுவதற்கான அத்தாட்சிகள்: செக்ரோல் என்னும் தோட்டத் தொழிலாளர் பதிவின் நகல், பிறப்புச் சான்று, பள்ளிக்கூடத்து அனுமதிச் சீட்டு. பாசத்தின் பொருட்டு ஒரு கடிதத்தையோ படத்தையோ வைத்துக் காக்கும் ஓய்வு அவர்களுக்கு அனுமதிக்கப்படவில்லை. 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் ஏற்பட்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் மூன்று லட்சம் பேரை இலங்கை ஏற்பதென்றும் தீர்மானமானபின், இருந்த சொற்பமும் சிதறியது. தலைமன்னாரில் கப்பலேறியவர்கள் பெட்டிகளைக் குறைத்துக்கொண்டார்கள். அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்று குடும்பம் பிரிந்தபோது, தாத்தாவின் படம் ஒரு கரையிலும் அந்தப் படத்திலிருப்பவர் யாரென்று சொல்லத் தெரிந்தவர் மறு கரையிலுமாய்ப் போயினர். தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாட்டரசு தேயிலை பயிரிட்ட கூடலூரிலும் கோத்தகிரியிலும் இன்று வாழும் முதியவர்களைக் கேட்டால், நுவரெலியாவின் தோட்டப் பெயர்களை மனப்பாடமாய் ஒப்பிப்பார்கள். அதே நீலகிரியில், வெல்லிங்டனில், மதராஸ் ரெஜிமெண்டின் மையம் இருக்கிறது. 1758ஐத் தன் பிறப்பு வருஷமாகக் கொண்டாடி, போரில் மாண்ட ஒவ்வொருவரின் பெயரையும் பேணுகிற ஸ்தாபனத்துக்கு அண்டையிலேயே, தன் பாட்டன் சேவித்த பட்டாளத்தின் பெயர் தெரியாத மக்கள் கொழுந்து பறிக்கிறார்கள்.

நாடற்றோர் நிலை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினால் பெரும்பாலும் தீர்ந்தது. 2023இல், மலையகத் தமிழர் இத்தீவுக்கு வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை முன்னிட்டு, முன்னோர் வந்த வழியே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். கம்பளைக்கு அருகே பழைய லயம் ஒன்றில் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் நடந்துவருகிறது; கவ்வாத்துக் கத்தியும், கொழுந்துக் கூடையும், தப்பும், பழைய பற்றுச்சீட்டுகளும் அங்கே சேர்ந்திருக்கின்றன. பாட்டன் பிறந்த இடத்தைக் கேட்டுச் சட்டம் மருட்டிய காலம் போய்விட்டது. இனி அவனைப் பாசத்தோடு கேட்கலாம், எழுதலாம்.

ஆகவே இதைப் படிக்கிற மலைநாட்டுப் பிள்ளைகளிடம், அவர்கள் அட்டனில் இருந்தாலும் கூடலூரில் இருந்தாலும் கனடாவில் இருந்தாலும், என் வேண்டுகோள் இது. உங்கள் வீட்டுத் தாத்தாவையோ, அவரை அறிந்த பாட்டியையோ இந்த மாதத்துக்குள் உட்காரவைத்துக் கேளுங்கள். வீரச்செயல் என்ன என்று முதலில் கேளாதீர்கள். அதற்கு அவர் வாய் திறக்கமாட்டார். எந்தத் தோட்டத்திலிருந்து போனார், யாரோடு போனார், சம்பளம் எவ்வளவு, எதைச் சாப்பிட்டார், முதன்முதலில் வீட்டுக்கு என்ன வாங்கி வந்தார் என்று கேளுங்கள். அவர் சொல்கிற ஊர்ப் பெயரை அவர் உச்சரிக்கிறபடியே எழுதிக்கொள்ளுங்கள். பதக்கம் இருந்தால் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்க வேண்டாம். விளிம்பிலுள்ள எழுத்து தேய்ந்துவிடும். முன்னும் பின்னும் விளிம்புமாகப் படமெடுங்கள். படங்களின் பின்புறத்தில் பென்சிலால் பெயரை எழுதுங்கள். எழுதியதில் ஒரு பிரதியை வீட்டில் வைத்துக்கொண்டு, மற்றொன்றைக் கம்பளை அருங்காட்சியகம் போன்ற ஓரிடத்தில் ஒப்படையுங்கள்.